வாயாடிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

எங்கள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வரிசையில் ஒருத்தி இருந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது, எழுதப் படிக்கவும் யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் வைத்த பட்டப்பெயர் வாயாடி. பொருத்தம் பார்க்காமல் வைத்ததில்லை. அவள் கை சும்மா இருந்தால்தானே? மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் ஊர்க்கதை பேசுவாள். சூப்பர்வைசர் நடக்கிற நடையை உட்கார்ந்த இடத்திலேயே நடந்து காட்டுவாள். அவர் திரும்பும்போது எங்கள் பல்லெல்லாம் வெளியே தெரியும், அவள் மட்டும் ஒன்றும் அறியாதவள்போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். திட்டு எங்களுக்கு.

அவளுக்கு அடுத்த மெஷின் என்னுடையது. பழக்கத்தில் அவள் கை பேசுவதில் பாதி எனக்குப் புரியும். ஆனால் அது கம்பெனி பாஷை. நூல் அறுந்துபோச்சு, டீ வந்தாச்சு, சூப்பர்வைசருக்கு இன்றைக்கு வீட்டில் சண்டை, இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் திட்டலாம், ஒரு நோயைப் பற்றிப் பேச முடியாது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு வேலை சுலபம். அப்படியும் சொல்ல முடியவில்லை. சின்ன வயசிலிருந்து அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்றவன் அவன்தான். பாங்க், பஸ் பாஸ், பல் டாக்டர், எங்கே போனாலும் அடுத்தவர் சொல்வதை அவன் கையால் சொல்வான், அவள் கையால் சொல்வதை அவன் வாயால் சொல்வான். தங்கச்சிக்கு எப்படிச் செய்கிறான் பார் என்று தெருவே மெச்சும். அந்த மெச்சல் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கொழுப்புக் கட்டி, மாத்திரை போட்டால் கரைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகக் கையால் சொன்னான். அவளும் ஒழுங்காக மாத்திரை போட்டாள். கட்டி கரையவில்லை, வளர்ந்தது. மறுபடி போனார்கள், மறுபடியும் மாத்திரை.

அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா வாய் அசைவதை நடித்துக் காட்டினாள், நீளமாக, முகத்தில் கவலையோடு. அப்புறம் அண்ணன் கையை நடித்தாள். ஒரே ஒரு அசைப்பு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தாள். டாக்டர் சொல்வது முழுசாகத் தனக்குத் தெரிய வேண்டும், அண்ணன் அல்லாத ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கான கூலியை ஓர் அறக்கட்டளை உதவித்தொகையாகக் கொடுக்கிறது என்று கம்பெனி ஆபீஸ் கிளார்க் கண்டுபிடித்துச் சொன்னார். நல்ல மனுஷர், விண்ணப்பத்தையும் அவரே பூர்த்தி செய்து அனுப்பினார். தொலைபேசி எண் என்ற இடத்தில், கம்பெனிப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை எழுதினார். அது அண்ணனுடைய எண். காது கேட்காதவர்களுக்கு யார்தான் சொந்த எண் எழுதுகிறார்கள்? எல்லார் விண்ணப்பத்திலும் அண்ணன், அப்பா, புருஷன் என்று காது கேட்கிற யாராவது ஒருவர் எண்தான் இருக்கும். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

வாயாடி தினமும் கிளார்க் மேஜையை எட்டிப் பார்த்தாள். கடைசியில் வந்தது ஒரே வரி. குடும்பத்தினர் தேவையில்லை எனத் தெரிவித்ததால் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அறக்கட்டளைக்குப் போன் போட்டேன். ஓர் அதிகாரி எடுத்தார், குரலில் தேன் வழிந்தது.

"சரிபார்க்கிறதுக்குப் போன் பண்ணோம்மா. அவங்க அண்ணன் பேசினார். நானே கூட இருக்கேன், வெளியாள் எதுக்குன்னு சொன்னார். ரொம்பப் பாசமான மனுஷன்."

"விண்ணப்பிச்சது அண்ணன் இல்ல சார், தங்கச்சி. அவங்ககிட்டல்ல கேக்கணும்?"

"அவங்களுக்குத்தான் காது கேக்காதேம்மா."

"அதுக்குத்தானே சார் விண்ணப்பமே."

அவர் டீ உறிஞ்சுகிற சத்தம் போனில் கேட்டது. "அடுத்த சுற்றுல மறுபடி போடுங்க," என்றார்.

அடுத்த சுற்று எப்போது என்று நான் கேட்க, இன்னும் பல மாசம் ஆகும் என்று அவர் சொல்ல, நான் தலையில் அடித்துக்கொண்டேன். கட்டி எந்தச் சுற்றுக்கும் காத்திருக்கவில்லை. அவளுக்குக் கட்டி இருந்த பக்கத்துக் கையைத் தூக்க முடியாமல் போனது. ஒரு கையால் பேசினாள். சட்டைகளும் அவள் பக்கத்தில் குவிய ஆரம்பித்தன, பாதியை நான் எடுத்துத் தைத்தேன்.

இரண்டாவது முறை என் எண்ணைக் கொடுத்தோம். இந்த முறை புது விதி. உதவி ஏன் தேவை என்று விண்ணப்பதாரரே சொல்லும் வீடியோ வேண்டும். எடுத்து அனுப்பினோம். அவர் சைகையில் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு விளக்கம் இணைக்கவும் என்று திருப்பி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் வாங்க முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இந்த விதியை எழுதியவர் வீட்டில் யாராவது ஊமையாகப் பிறக்கட்டும் என்று சாபம் விட்டேன். விட்ட பிறகு வாயாடியைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

கிளார்க் விசாரித்துக் கண்டுபிடித்த ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா கூலி வாங்காமல் அந்த விளக்கத்தைச் செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும், அதற்குத்தான் கூலி வேண்டும் என்றார். உதவித்தொகை வந்தது. வாழ்த்துக் கடிதமும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அண்ணனும் வந்திருந்தான். "நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்," என்றான். வாயாடி அவனுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா டாக்டரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறையைச் சொன்னார். "இந்த ரூம்ல யார் என்ன பேசினாலும் அவங்களுக்குச் சொல்லுவேன். அவங்க என்ன சொன்னாலும் உங்களுக்குச் சொல்லுவேன். எதையும் விட மாட்டேன்."

டாக்டரம்மா பேசினார். அந்தக் கைகளை வாயாடி கண் கொட்டாமல் பார்த்தாள். புற்றுநோய். பரவிவிட்டது. இனிமேல் அறுத்து எடுத்துப் பிரயோஜனம் இல்லை, வலிக்குத்தான் மருந்து. வாயாடியின் கைகள் மடியில் கிடந்தன.

"முதல் தடவை வந்தப்பவே எடுத்திருந்தா பிழைச்சிருக்கலாம். நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் ஆபரேஷன் வேண்டாம்னுட்டீங்க," என்றார் டாக்டரம்மா.

வாயாடி நிமிர்ந்தாள். நல்ல கையால் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தார்: "நான் எப்ப சொன்னேன்?"

"இங்கதான். உங்க அண்ணன் கையால உங்ககிட்ட கேட்டார். நீங்க இல்லைன்னு தலையாட்டினீங்க. என் கண்ணால பாத்தேன்."

வாயாடி வெகுநேரம் யோசித்தாள். பிறகு மெதுவாகக் கையை அசைத்தாள். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதை அப்படியே சொன்னார்.

"அன்னைக்கு அண்ணன் பசிக்குதான்னு கேட்டான். இல்லைன்னு தலையாட்டினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அண்ணன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "தாங்க மாட்டா மேடம், பயந்துடுவா. என் பொண்ணுக்கும் அப்ப கல்யாணம் பேசிட்டிருந்தோம். வீட்ல இப்படி ஒரு வியாதின்னு தெரிஞ்சா நின்னுடும்னு. அது முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவன் பேசப் பேச மொழிபெயர்ப்பாளரின் கைகளும் பேசின. அதைக் கவனித்ததும் அவன் பதறி எழுந்தான். "இத சொல்லாதீங்கம்மா, இத மட்டும் சொல்லாதீங்க." அதையும் அவர் சொன்னார்.

அண்ணன் தங்கச்சியின் நாற்காலிக்கு முன்னால் வந்து முட்டி போட்டான். அழுதுகொண்டே இரண்டு கையையும் தூக்கி அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான்.