கோட்டைப் பெயர் வைத்த பெண்

கதை விடுகிறான் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். எழுபத்து நாலில், கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கல்லாங்கோட்டையில் இது நடந்தது. பெண்ணைப் பெற்ற ரத்தினசாமி தன் வாயாலேயே சொன்னது.

ஊர்க்கோடியில் அகழியோடு ஒரு பழைய கோட்டை. அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் கோட்டைப் பெயர்தான். பாலக்காட்டிலிருந்து வரும் பஸ் கோட்டை பஸ். அரிசி மில், மூக்குப்பொடி, சோடா, கபடிக் குழு எல்லாமே கோட்டை. ஒரு நொண்டிக் காளைக்குக்கூட அந்தப் பெயர் இருந்தது. மனிதர்களுக்கு மட்டும் வைக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ரத்தினசாமிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது பெண். வழக்கப்படி பிள்ளையைக் கோட்டை வாசலில் கிடத்தினார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சுப்பாத்தாள் எடுத்துக்கொண்டாள். ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீண்ட மாட்டான். தவிட்டம்மாள் என்று பெயர் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. தோட்டம் துரவு உள்ள ரத்தினசாமிக்கோ அந்தப் பெயர் கௌரவக் குறைச்சல். கோட்டையாத்தாள் என்று வைத்தார்.

“அது மனுசருக்கு ஆவாத பேருங்க,” என்றாள் சுப்பாத்தாள். அவர் சிரித்தார்.

ஆறு வயதுவரை ஒரு குறையும் இல்லை. கண்டக்டர் “கோட்டை, கோட்டை!” என்று கத்தினால், “வந்துட்டேனுங்க!” என்று ஓடி வருவாள். தெருவே சிரிக்கும். ரத்தினசாமிக்கு உயிரே அவள்தான்.

அன்று பந்த். பஸ் இல்லை. மில் இல்லை. உச்சி வெயில். வீட்டு வாசலில் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

“வந்துட்டேனுங்க!”

யாரும் கூப்பிடவில்லை.

“ஆரு கண்ணு கூப்புட்டது?”

அவரைப் பார்த்துச் சிரித்தாள். “தெரியாத மாதிரிக் கேக்கறீங்க...”

சற்று நேரத்தில் மறுபடியும். இந்த முறை கோட்டைப் பக்கம் திரும்பி, மெதுவாக... “வெயில் சுடுதுங்க. சாயங்காலமா வாரேனுங்க.”

ரத்தினசாமி சட்டென்று எழுந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஜன்னல் இல்லாத நெல் அறையில், மனைவி மருதாத்தாள் மடியில் போட்டார். “இனிமே இவ தவுட்டம்மா. வேற பேரு சொல்லாதே!” வெளியே பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

பொழுது இறங்கியது.

உள்ளே சத்தமே இல்லை.

“தவுட்டம்மா?”

கதவில் காதை வைத்தார்.

“தவுட்டம்மா... கண்ணு!”

பொறுக்க முடியவில்லை. தெரிந்தேதான் கூப்பிட்டார். “கோட்டையாத்தா!”

“வந்துட்டேனுங்க...”

குரல் அறைக்குள்ளிருந்து வரவில்லை. தூரத்தில், கோட்டைக்குள்ளிருந்து வந்தது.

பூட்டைத் திறந்தார். மருதாத்தாள் மடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தா.”

மடியில் யாரும் இல்லை.

அகழியை இறைத்தார்கள். கோட்டையை அலசினார்கள். ஒரு கொலுசுகூடக் கிடைக்கவில்லை. மருதாத்தாள் தட்டுவதை நிறுத்தவே இல்லை. பெற்ற மனம் இதற்கு மேல் என்னத்தைத் தாங்கும்?

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

சில நாள் கழித்து, கோட்டை வாசலில் பெட்டிக்கடை வைத்து அங்கேயே குடியிருக்கும் அலியார் துக்கம் விசாரிக்க வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் புரியலைண்ணே. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து கோட்டைக்குள்ள நின்னு புள்ளையக் கூப்புட்டுட்டே இருந்தது... நீங்கதானே?”