கோட்டுக்குள் ஒரு நட்சத்திரக் கள்ளி

எழுபதுகளின் நடுவில் ஒரு பெப்ரவரி. காலை ஒன்பதரை மணிக்கு ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் உள்ள என் தங்கை மாலதியின் வீட்டிலிருந்து மூவர் புறப்பட்டோம்: நான், மாலதி, அவளுடைய கோட்டுக்குள் ஒரு கள்ளிச்செடி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்த நான், மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கள்ளி பக்கத்து வீட்டு ஈடித்துடையது. மாலதி இந்நாட்டுக்கு வந்த முதல் குளிரில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் ஈடித். அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது காரில் ஏற்றிப்போனவரும் அவரே. குளிர்காலத்துக்குப் புளோரிடா போகையில் வீட்டுச் சாவியை மாலதியிடம் தந்து, "வசந்தம் வரை இந்தச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாலதி கேட்டுக்கொண்டாள்தான். ஆனால் அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்துச் செடிக்கு ஊற்றாமல் நம் வீட்டுப் பெண்களுக்குப் பொழுது விடியுமா? சோறு வடிக்கும் நாளெல்லாம் ஒரு செம்பு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

"ஒரு உயிரைப் பட்டினி போட மனம் வரேல்லை அண்ணை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டனான்" என்றாள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் கண்களைப் பார்த்துவிட்டுச் செடியைத் தொட்டுப் பார்த்தேன். செடியின் அடிப்பாகம் கனிந்த விளாட் மாம்பழம்போல அமுங்கியது.

நகர நடுவில் ஒரு பூங்காவில் கண்ணாடி மாளிகை இருக்கிறது, அங்கே பாலைவனச் செடிகளை வளர்க்கிறார்கள் என்று மாலதி விசாரித்து வைத்திருந்தாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் வார்டன் நிலையம், அங்கிருந்து சப்வே என்னும் நிலக்கீழ் ரயில், யங் வீதியில் வண்டி மாறி கொலிஜ் நிலையம், பிறகு கார்ல்டன் வீதியில் டிராம். பஸ்ஸில் ஏறியதும் சாரதி மாலதியின் கோட்டுப் புடைப்பைப் பார்த்தார். அவள் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை. "பிள்ளை எத்தனை மாதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிள்ளை இல்லை, கள்ளி" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, காலடியில் இருந்த சூடேற்றியைக் கூட்டிவைத்தார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இன்றும் என் நன்றி.

பதினொரு மணிக்குக் கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்தோம். என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டால் எதிரே எங்கள் பங்குனி வெயில்! நிமிர்ந்தும் படர்ந்தும் விதவிதமாகக் கள்ளிகள். அந்த அறைக்குப் பொறுப்பான வால்டர் என்பவர் செடியை வாங்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது நோயை அல்ல.

"இது காட்டு மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததா, விதையில் வளர்த்ததா?"

"ஈடித் விதை போட்டு வளர்த்தது" என்றாள் மாலதி. அவர் முகம் இளகியது.

இது நட்சத்திரக் கள்ளி, இதன் சொந்த ஊர் டெக்சாசும் மெக்சிகோவும் சந்திக்கும் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கம் என்றார். முள் கிடையாது. பச்சை மண்ணப்பம்போலத் தரையோடு தரையாக, முட்புதரின் நிழலில் ஒதுங்கி இருக்கும். மழை பொய்த்தால் சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன் அழகே அதற்கு வினை. சேகரிப்பவர்கள் சாக்குச் சாக்காய்த் தோண்டிப் போனார்கள். மிஞ்சியதில் பல இடங்களைப் புதர் வெட்டி உழுதுவிட்டார்கள். நிழல் போனால் அதுவும் போய்விடும். இப்போது நாடுகள் கூடி, இப்படியான செடிகள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று உடன்படிக்கை செய்திருக்கின்றனவாம்.

"விதையில் வளரும் ஒவ்வொன்றும் காட்டிலிருக்கும் ஒன்றைக் காப்பாற்றுகிறது" என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். அழுகலை வெட்ட வெட்ட உள்ளேயும் பழுப்பு. மாலதி என் கையை நசுக்கினாள்.

"செத்துப்போச்செண்டா ஈடித்தின்ர முகத்தில நான் என்னண்டு அண்ணை முழிப்பன்?"

கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு நல்ல சதை தெரிந்தது. வேர் ஒன்றும் மிச்சமில்லை. வால்டர் தடித்த வேறொரு கள்ளியின் தலையைச் சீவி, அதன்மேல் இதை வைத்து இறப்பர் வளையத்தால் கட்டினார். எங்கள் ஊர் ஒட்டு மாங்கன்று! எனக்குக் கண் கலங்கியது. "இது ஒட்டும் காலமல்ல. பிடித்தால் பிடிக்கும். இங்கேயே இருக்கட்டும்" என்றார். காசு பற்றிப் பேச்செடுத்தபோது கையசைத்து எங்களை அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் முடிவில், நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், ஈடித் வந்தார். ஒட்டுப் பிடித்து, மாலதி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த செடியின் உச்சியில் ஒரு மொட்டு. மாலதி அரிசித் தண்ணீரிலிருந்து இறப்பர் வளையம் வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள். சாவியை மேசையில் வைத்தாள்.

ஈடித் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முன்பைவிட உயரமாகிவிட்டது" என்றார். பிறகு சாவியை எடுத்து மாலதியின் கையிலேயே திணித்தார். ஒரு துண்டு அட்டையும் பேனாவும் கொடுத்து, "தண்ணீர் விடாதே என்று எழுது. உன் மொழியில்" என்றார்.

"தமிழிலயா? உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே!"

"எனக்கு எதற்கு? நான்தான் தண்ணீர் விடுவதில்லையே."

விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலை, ஈடித்தின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மொட்டு விரிந்திருந்தது: மஞ்சள் பூ, நடுவில் சிவப்பு. அதன் கீழே என் தங்கையின் குண்டுக் கையெழுத்தில், அடுத்த குளிர்காலத்துக்கான கட்டளை.