சோத்துக்கைக்கு ஒரு துப்பாக்கிப் பிடி

எங்கள் மாடி அறையில் தங்கியிருக்கும் அமெரிக்கர் டேவ், தினமும் ஆசிரமத்தில் தியானம் செய்பவர். அமெரிக்காவில் அவருடைய பொழுதுபோக்கு, கௌபாய் வேஷத்தில் ரிவால்வரால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டி. எறும்பை மிதிக்க மாட்டார், தகட்டைத்தான் சுடுவார்.

ரிவால்வரின் பிடி கைக்கு வாகாக இல்லையாம். துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு, பழைய மரப்பிடியை மட்டும் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தார்.

பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போடும் ஏழுமலையிடம் போன வாரம் அழைத்துப் போனேன். "கையக் காட்டுங்க" என்றார். டேவ் நீட்டிய கையில் களிமண்ணை வைத்து இறுக்கச் சொல்லி அச்சு எடுத்துக்கொண்டார்.

இன்று பிடி தயார். டேவ் பிடித்துப் பார்த்தார், முகம் சுளித்தார். கட்டைவிரலுக்கு இடமில்லையாம்.

ஏழுமலை கொதித்துவிட்டார். "பீச்சாங்கையில புடிச்சா எப்படிங்க நிக்கும்?"

டேவ் சுடுவதே இடது கையால்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அப்புறம் எதுக்கு அன்னிக்கு சோத்துக்கைய நீட்டினாரு? கேளுங்க சார்!"

கேட்டேன். டேவ் என்னைக் கைகாட்டினார். இந்த ஊரில் யாரிடமும் இடது கையை நீட்டக் கூடாது என்று முதல் நாளே அவருக்குப் பாடம் எடுத்த மகான் நான்தான்.

மறுபடி களிமண். இடது கையை நீட்டும்போது ஏழுமலையிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

இரும்புத் தகட்டை எந்தக் கையால் சுட்டால் அதற்கு மரியாதை? பண்பாட்டுக் காவலர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் அதையும் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்.