அவளும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள்

ஒரகடம் சூப்பர் மார்க்கெட்டில் இன்று ஒரு கொரியக் குழந்தை "அப்பா!" என்று கத்தியது. எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா ஒரு கொரிய மேனேஜருக்குக் கார் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகூட அந்த ஆளின் மகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டப் போய்விடுவார். வீடு திரும்பினால் சட்டையில் அந்தக் காரின் வாசனை, வாயில் அவள் பேச்சு.

"அவங்க பாஷையிலயும் அப்பான்னா அப்பாதான்டி. நீ கூப்புட்ற மாதிரியே கீது!" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் சிலர் அப்பாவுக்குச் சொல்லும் 'நைனா'வை எடுத்துக்கொண்டேன். தெலுங்கிலிருந்து வந்த சொல்லாம். எங்கிருந்து வந்தால் என்ன? அவளுக்குத் தெரியாது, அது போதும்.

அடுத்த ஞாயிறு அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "அந்தப் பொண்ணுக்கு நைனான்னு சொல்லிக் குடுத்தேன். இன்னா அழகா சொல்லுது தெரியுமா!"

அதற்கப்புறம் ரொம்ப நாள் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் அவரைக் கூப்பிட்டேன்.