வார்னிங்தானே, விடும்மா

2009-ல் பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறந்த வாரம். அப்போது சிதம்பரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டராக இருந்தேன். வீடு கடலூர் முதுநகர். ரயில் பாதையில் வேலை நடந்துகொண்டிருந்ததால் தினமும் பஸ்தான்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். லேபைத் திறப்பது, பெருக்குவது, மெஷின்களை ஆன் பண்ணுவது, நோட்டில் கையெழுத்து வாங்குவது. இவ்வளவுதான் என் வேலை. ஆனால் ஐந்து வருஷம் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அதிலும் மேக்ஃபைல்.

சி புரோகிராம் பெரிதாக இருந்தால் நாலைந்து ஃபைலாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கம்பைல் பண்ணி, அதாவது மெஷின் ஓட்டுகிற மாதிரி மாற்றி, கடைசியில் சேர்க்க வேண்டும். எதெது எதோடு சேரும் என்று மேக்ஃபைலில் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் போதும். அப்புறம் ‘மேக்’ என்று அடித்தால், எந்த ஃபைல் மாறியிருக்கிறதோ அதை மட்டும் அதுவே கம்பைல் பண்ணிக்கொள்ளும். ஒரு மேடம் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, பஸ் போர்டில் ஊர் பேரை மாற்றுவது மாதிரி ஃபைல் பேரை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் போட்டுக் கொடுப்பேன். பையன்கள் எனக்கு ‘மேக் மாமா’ என்று பேர் வைத்திருந்தார்கள். கேட்காத மாதிரி இருப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எழுத்துக் கூட்டுவேன். அதனால் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஸ்கிரீனில் எர்ரர் என்று வந்தால் கூப்பிடு, வார்னிங் என்று வந்தால் விட்டுவிடு. போர்டிலேயே எழுதிப் போட்டிருந்தேன். வார்னிங் வந்தாலும் புரோகிராம் ஓடும். அதனால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஃபைனல் இயரில் ஒரு பெண். கடலூர்ப் பக்கம் மீனவர் குடும்பம். அவள் வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள். அதிகம் பேச மாட்டாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற புரோகிராம் அவளுடைய புராஜெக்ட். முதல் ரெவ்யூவில் புராஜெக்டைச் சரிபார்க்கிற சார் ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். வயதானவர்களை வரிசையில் முன்னால் கொண்டுவர வேண்டும். பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது ரெவ்யூ. அதில் சரியில்லை என்றால் அந்த வருஷம் புராஜெக்ட் போச்சு.

லீவு முடிந்து வந்ததிலிருந்து அவள் உட்காரும் மெஷின் மட்டும் காலையில் ஆன் பண்ணினால் பாதியில் நிற்கும். ஏதோ எழுதியிருக்கும். எஃப் ஒன் அழுத்தினால் மேலே போகும். தினமும் அழுத்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் அவள் கூப்பிட்டாள். திருத்திவிட்டாளாம், ஆனால் ஓட்டினால் பழைய மாதிரியே வருகிறதாம்.

“கிளாக்குனு ஏதோ வார்னிங் வருதுண்ணே.”

“வார்னிங்தானே, விடும்மா. நீ சேவ் பண்ணியிருக்க மாட்ட.”

சேவ் பண்ணினேன் என்றாள். மறுநாளும் கூப்பிட்டாள். மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று பையன்கள் எதிரில் சொன்னாள். ஒருத்தன், “மேக் மாமாவுக்கே சவாலா?” என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. மெஷின் மேல பழி போடாத, ஒழுங்கா எழுதக் கத்துக்கோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பார்த்தேன். போய்க் கேட்கவில்லை.

ரெவ்யூ அன்றைக்கு சார் ஓட்டிப் பார்த்தார். எழுபது வயது ஆளுக்குக் கடைசி டோக்கன் வந்தது. திருத்தியாச்சு சார் என்று அவள் புரோகிராமைப் பிரிண்ட் எடுத்த காகிதத்தைக் காட்டினாள். காகிதத்தில் சரியாக இருந்தது. ஸ்கிரீனில் இல்லை. சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது காசு கொடுத்து வெளியில் புராஜெக்ட் வாங்குகிற பழக்கம் இருந்தது. என் பக்கம் திரும்பி, இந்தப் பொண்ணு லேப்புக்கு வந்து வேலை செய்யுதா என்று கேட்டார்.

தினமும் வருகிறாள், சாப்பிடாமல்கூட உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை.

“வரும் சார். வந்து என்னா பண்ணுதுன்னு தெரியல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சார் அவளுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மெஷின்களை சர்வீஸ் பண்ணுகிற ஆள் வந்தார். என் ஊர்க்காரர்தான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த மெஷினைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா மச்சான், இது மட்டும் ரெண்டாயிரத்து ரெண்டுல ஓடுது?”

உள்ளே தேதியைக் காப்பாற்றும் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதனால் என்ன என்று கேட்டேன். ஃபைல் மாறியிருக்கிறதா என்று மேக் நேரத்தை வைத்துத்தான் பார்க்கும் என்றார். லீவுக்கு முன்னால் கம்பைல் பண்ணியது சரியான தேதியில் இருக்கிறது. இப்போது திருத்தியது ஏழு வருஷம் பழைய தேதியில் விழுகிறது. அதனால் திருத்தியதைப் பழசு என்று நினைத்து மேக் தொடாமலே விட்டுவிடும். “அதான் வார்னிங் போடுதே, பாக்கலியா?” என்றார்.

கம்பைல் ஆகியிருந்த பழைய ஃபைல்களை அழித்துவிட்டு அவரே மேக் அடித்தார். ஓட்டினார். எழுபது வயது ஆள் முதலில் வந்தார்.

யார் புரோகிராம் என்று கேட்டார். சும்மா கிடந்தது என்றேன்.

மறுநாள் காலையில் அவள் அப்பா வந்தார். சலவை வேட்டி சட்டை. அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. சார் அறைக்குப் போகும் முன் லேப் வாசலில் என்னிடம்தான் வந்தார். மகள் தள்ளி நின்றாள்.

“நீங்க உள்ளாறயே இருக்குறவரு. எம் பொண்ணு பொய் சொல்லுதா சார்?”

என்னை சார் என்று யாரும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பதில் தெரியும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தெரியும். சொன்னால், ஏன் கவனிக்கவில்லை என்று வரும். போர்டில் எழுதியது வரும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன் லேபில் என்ன பண்ணுகிறான் என்று வரும்.

“சார் இருக்காரு. அவுங்ககிட்ட பேசுங்க” என்றேன்.

உள்ளே மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். மகள் எழுதினாள். அப்பா ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை என்று என்னைக் கூப்பிட்டு வேறு பேனா கேட்டார்கள். நான்தான் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து சாரிடம் போனேன். பேட்டரி போய்விட்டது, அதனால்தான் பழையது ஓடியிருக்கும் போல என்றேன். ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலியா என்று கேட்டார். காட்டல சார் என்றேன். அவளுக்கு மறுபடி ரெவ்யூ வைத்தார். பாஸ் பண்ணினாள். அந்த மன்னிப்புக் கடிதம் ஆபீஸ் ஃபைலிலேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரலில், பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். லேபில் வேறு யாரும் இல்லை.

“மெஷின்லதான் கோளாறுன்னு நீங்கதான் சார்கிட்ட போய் சொன்னீங்களாமே. ரொம்ப நன்றிண்ணே. அப்பா உங்கள கேட்டதா சொல்லச் சொன்னாரு.”

கிளாக் என்று வந்ததை அவள் மறந்திருக்க மாட்டாள். நான் விடும்மா என்றதையும் மறந்திருக்க மாட்டாள். ஆனாலும் நன்றி சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம். குனிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டேன். முதுநகர் மார்க்கெட்டில் அவள் அப்பாவை இரண்டு தடவை பார்த்தேன். தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். திட்டியிருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். தன் மகளைக் காப்பாற்றிய ஆள் என்று ஒரு மனுஷன் என்னை நம்பிக்கொண்டிருப்பதைத்தான் இத்தனை வருஷம் ஆகியும் என்னால் தாங்க முடியவில்லை.