நெஞ்சுக்குக் காவல் இருந்தேன்

தைலமும் வியர்வையும் கலந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதற்குப் பிறகுதான் சத்தம். அம்மா வீட்டில் போட்டிருக்கும் கஃப்தான் அங்கி மேல் காதை வைத்து அழுத்தினால், உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போலவும், தட்டிவிட்டு ஓடிப்போய் மறுபடி வந்து தட்டுவது போலவும் கேட்கும். மற்ற பிள்ளைகள் அந்த வயதில் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். நான் அந்தத் தட்டலை மனப்பாடம் செய்தேன். வெயில் நாளில் எப்படி இருக்கும், வானம் கறுத்தால் எப்படி மாறும், தகரக் கூரையில் முதல் துளி விழுந்ததும் எப்படித் தாறுமாறாக ஓடும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

சிங்கப்பூருக்கு வடக்கே, கோத்தா திங்கி என்ற ஊரில் ஆற்றுக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் ஒரு வாடகைப் பலகை வீட்டில் அப்போது இருந்தோம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. சனிக்கிழமை சாயந்திரம் வருவார், ஞாயிற்றுக்கிழமை துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். வருஷக் கடைசி மழையில் ஆறு ஏறுவது அங்கே புதிதல்ல. ஆனால் ஒரு வருஷம், மத்தியானச் சோற்றை வடித்துக்கொண்டிருந்த அம்மா, தரைப் பலகையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேலே வருவதைப் பார்த்தாள். படகு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது, பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் கொடுத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டுப் பழையபடி குடியேறினோம். அம்மாவின் நெஞ்சு மட்டும் பழையபடி ஆகவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தாலே போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கை சில்லிட்டுப் போகும், உதடு காயும். "தேவி, இங்க வா, காத வெச்சுப் பாரு, நிக்குதா ஓடுதா" என்பாள். நான் வைத்துப் பார்ப்பேன். ஓடுகிறது என்பேன். "ரொம்ப ஓடுதா?" என்பாள். மறுபடி காதை வைப்பேன். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா இதற்குப் "பயந்த கோளாறு" என்று பேர் வைத்து, கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். கயிறு கறுத்தது, கோளாறு போகவில்லை.

அப்பா இதைக் கேள்விப்பட்டுச் சிரிக்கத்தான் செய்தார். "வீட்டுக்கு ஒரு பயந்தாங்கொள்ளி போதும்லா, நீயும் சேர்ந்துக்காத" என்று என் தலையில் தட்டுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சனிக்கிழமை மனிதர், அவ்வளவுதான். அவர் இருக்கும்போது எவ்வளவு மழை கொட்டினாலும் அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. அதனாலேயே அவர் கடைசிவரை அதைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அம்மாவுக்கு மூச்சே வரவில்லை என்று ஆகிவிட்டது. பொன்னம்மா அக்காவின் கணவர் காரில் எங்களைக் கவர்மெண்ட் கிளினிக்கில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். எனக்குத் தமிழ்ப்பள்ளியில் படித்த மலாய். உள்ளே ஒரு மலாய் டாக்டர் அம்மையார், பக்கத்தில் ஒரு "மிஸ்ஸி". நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, மனசு ஒரு நெலையில இல்லன்னு சொல்லு" என்றாள் அம்மா.

பாடப்புத்தகத்தில் வருத்தம், அன்பு, ஆசை எல்லாவற்றுக்கும் "ஹாத்தி" என்ற சொல்தான் வரும். நெஞ்சுக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வலிக்குச் "சாக்கிட்". இரண்டையும் சேர்த்து, பரீட்சையில் எழுந்து நின்று பதில் சொல்வது போல, "மாக் சாயா சாக்கிட் ஹாத்தி, டோக்டர்" என்றேன். என் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று சொன்னதாக நினைப்பு.

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "சாக்கிட் ஹாத்தி? டெங்ஙான் சியாப்பா, அடேக்?"

யாரோடு தங்கச்சி என்று கேட்கிறார். மலாய்க்காரர்கள் "சாக்கிட் ஹாத்தி" என்றால் ஒருவர் மேல் மனத்தாங்கல், உள்ளே வைத்துக்கொண்டு புழுங்குவது என்று அர்த்தம். நெஞ்சு நோய்க்கு அது சொல் அல்ல. எனக்கு அப்போது அது தெரியாது. டாக்டர்கள் இப்படியெல்லாமும் கேட்பார்கள் போல என்று நினைத்து, அம்மாவிடம் திரும்பி அப்படியே கேட்டேன்: "யாரு மேலம்மா உனக்கு மனவருத்தம்னு கேக்குறாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏன்டி, நான் என்ன சொன்னேன், நீ என்னத்த சொல்லி வெச்ச?" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "யாரு மேலயும் இல்ல. தண்ணி வந்தன்னிக்கு வீட்ல யாருமே இல்லன்னு சொல்லு" என்றாள்.

நான் இருந்தேனே என்று எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. "மாக் சோராங்" என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அம்மா ஒற்றை ஆள்.

டாக்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அம்மாவைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தன் நெஞ்சைத் தொட்டு "ஜந்தோங்" என்றார். இதயம், இது நன்றாகத்தான் இருக்கிறதாம். வலது பக்க விலாவுக்குக் கீழே தொட்டு "ஹாத்தி" என்றார். அது ஈரலாம். இவர்களுக்கு வருத்தம் ஈரலில் வருகிறது, நமக்கு நெஞ்சில் வருகிறது என்று நான் அதிசயப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் விரலைத் தலைக்குக் கொண்டுபோனார். எனக்குப் புரியும்படியான மலாயில் மெதுவாகச் சொன்னார்: தலை மழையைப் பார்த்துத் தண்ணீர் வருகிறது என்று நெஞ்சுக்குச் சொல்கிறது. நெஞ்சு ஓடுகிறது. நெஞ்சு ஓடுவதைத் தலை கேட்டுவிட்டு, அப்படியானால் தண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பயமுறுத்துகின்றன. நடுவில் புகுந்து நிறுத்த நம் கையில் இருப்பது மூச்சு ஒன்றுதான், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி விட வேண்டும், அதற்கும் மேலே, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்பதை அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கடைசி வார்த்தை மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஒருவர் நான்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அம்மாவின் நெஞ்சு நின்றுவிட்டால் யார் காது வைத்துக் கேட்பார்கள்?

மழை வந்தால் அம்மாவின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்வேன். மூச்சை நீட்டி விடுவாள், நானும் விடுவேன். ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பாரம் பட்டதும் அவள் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கும், அது அடங்க அடங்க என் நெஞ்சு ஏறும். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஊற்றுவது மாதிரி. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு வகுப்பு ஜன்னலில் மேகம் தெரிந்தாலே எனக்குக் கை சில்லிடும், புத்தகத்தில் எழுத்து நிற்காது. வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவருவேன். ஓடிவந்து பார்த்தால் அம்மா நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நெஞ்சா?" என்று அப்பா கேலி செய்வார். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். அம்மா திட்டினாள், கெஞ்சினாள். நான் அசையவில்லை. காவலை விட்டுவிட்டு எப்படிப் போவது?

இதற்கு மேல்தான் எனக்கு இன்றுவரை சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காரியம் நடந்தது. நான் நின்ற மறுமாதமே பொன்னம்மா அக்கா வேலை பார்த்த ஃபேக்டரியில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. காலையில் ஃபேக்டரி பஸ் வந்து ஹாரன் அடிக்கும், அம்மா பவுடர் பூசிக்கொண்டு, "கதவ சாத்திக்கோடி" என்று சொல்லிவிட்டு ஏறிப்போவாள். அங்கே அவளுக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். வெளியே இடி இடித்தாலும் மெஷின் சத்தத்தில் கேட்காதாம். முதல் மழையன்று அவள் எப்படி இருக்கிறாளோ என்று பதறிக்கொண்டு வாசலில் நின்றேன். சாயந்திரம் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, "மழையா? எப்போ பெஞ்சுச்சு?" என்றாள்.

அவள் குணமாகிவிட்டாள். காவலுக்கு உட்கார்ந்தவள் காவலிலேயே இருந்தேன். அந்த வருஷத்து மழை முழுவதையும் பூட்டிய வீட்டுக்குள், பலகை இடுக்கைப் பார்த்துக்கொண்டு, ஒற்றை ஆளாக நான் கேட்டு முடித்தேன்.

இப்போது ஸ்கூடாயில் இருக்கிறேன், மேட்டில், தண்ணீர் வராத இடத்தில். பல்கலைக்கழகப் பிள்ளைகள் துணி போடும் ஒரு டோபிக் கடையில் மடித்து அடுக்கும் வேலை. ஆற்றோரப் பலகை வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள், பொன்னம்மா அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அப்பா போய், அம்மாவும் போய்விட்டாள். சர்க்கரை வியாதி. அந்த நெஞ்சு கடைசி வரைக்கும் ஒழுங்காக ஓடியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போன தீபாவளிக்கு எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டாள். என் நெஞ்சு ஓடுவது அங்கே அவளுடைய போனில் தெரியுமாம். ஒரு மத்தியானம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அம்மா, ஏன் ஹார்ட் ரேட் இப்படி ஏறுது? நான் வேலையில இருக்கேன்மா, பயமா இருக்கு. லீவு போட்டுட்டு வரட்டுமா?" அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். மாடிப்படி ஏறினேன்டி என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து வானம் கறுக்க ஆரம்பித்தால் கடிகாரத்தைக் கழற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்துவிடுகிறேன். தனியே உட்கார்ந்து, மூச்சை நீட்டி நீட்டி வெளியே விடுகிறேன். மழை விட்டதும் எடுத்து மாட்டிக்கொள்வேன். மகள் கேட்பாள், எங்கேம்மா, இவ்வளவு நேரம் போனில் உன் ஹார்ட் ரேட்டைக் காணோம் என்று.

"சார்ஜ்ல போட்டிருந்தேன்லா" என்பேன். "நீ வேலையப் பாரு."