வேங்கை மரத்தில் வெள்ளை எண்கள்

பிள்ளைகளா, போன மாதம் போளூர் பஸ்ஸில் போகும்போது ரோட்டோரப் புளியமரங்களில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து உள்பக்கம் போய் உட்கார்ந்தேன். "இன்னாப்பா, வெயில் அடிக்குதா?" என்று சின்னவள் கேட்டாள். ஆமாம் என்றேன். வெயிலே இல்லை. அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பு, எண்பதுகளின் ஆரம்பத்தில், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். வழி காட்டவும் சாமான் தூக்கவும் ஓர் ஆள் கேட்டார். நான் போனேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

வேலை இதுதான். காட்டில் நாலு இடத்தில் கயிறு பிடித்துச் சதுரம் போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள பெரிய மரங்களுக்கெல்லாம் எண் உண்டு. வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் போய், நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி மரத்தின் பருமனை அளக்க வேண்டும். பிறகு முட்டி போட்டு, மரத்தடியில் எத்தனை கன்று முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். நான் சத்தமாகச் சொல்வேன், சார் அதையே திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவார்.

"பன்னிரண்டு, வேங்கை, கன்று இல்லை."

"கன்று இல்லை."

மூன்று சதுரங்களில் நாங்கள் சொன்னதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். மேலே பார்த்தால் மரம் ஓங்கி நிற்கும். கீழே ஆடு மேய்ந்து, கோடையில் தீ ஓடி, தரை வழித்துவிட்ட மாதிரி இருக்கும். "கெழடுங்க மட்டும் இருக்கிற வூடு மாதிரிண்ணே," என்றார் சார் ஒரு நாள். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் வூடு என்றே வந்துவிட்டது. "வெளியில இருந்து பார்த்தா வூடு நல்லாத்தான் தெரியும். உலகம் பூரா எங்கள மாதிரி ஆளுங்க இப்படித்தான் எண்ணிக்கிட்டு இருக்காங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் இருக்குமான்னுதான் தெரியல."

நாலாவது சதுரம் மட்டும் வேறு. ஆடு ஏற முடியாத ஒரு பாறைக்கு மேலே, சரிவில் இருந்தது. அங்கே முதல் தடவை முட்டி போட்டபோது எனக்கு எண்ணிக்கையே தப்பிப்போனது. வேங்கைக் கன்றுகள், விரல் உயரம், முழ உயரம், காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சார் நோட்டை மூடிவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற இடத்தில் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் இங்கே ஏன் இருக்கிறது என்று காட்ட வேண்டும், இது போனால் தன் ஆராய்ச்சியே போச்சு என்றார்.

எண்களை முதலில் அலுமினியத் தகட்டில் அடித்து, ஆணி வைத்து மரத்தில் மாட்டியிருந்தோம். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் பாதி தகடு இல்லை. கீழே ஓர் ஆடு கழுத்தில் முப்பத்தொன்று என்று மாட்டிக்கொண்டு மேய்ந்தது. ஆட்டுக்காரனைக் கேட்டால், "மலையில சும்மாதான சார் கெடந்துச்சு, என் ஆட்டுக்கு நல்லா இருக்குதுல்ல?" என்றான். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், பெயிண்ட்டுல எழுதிட்டா யாரும் புடுங்க முடியாது சார்."

"பட்டை மேல நிக்குமாண்ணே?"

"லேசா செதுக்கிட்டு எழுதினா நிக்கும் சார். நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். மரம் மரமாகப் போய், நெஞ்சு உயரத்தில் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கினேன். வேங்கையைச் செதுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பாக வடியும். அது காயும் வரை காத்திருந்து வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தை மட்டும் வாத்தியார் நன்றாக இருக்கிறது என்பார். அது ஒரு வேலைக்கு உதவியது அன்றைக்குத்தான். சார் தள்ளி நின்று பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே," என்றார். அந்த வருஷம் முழுக்க அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

மரத்துக்கு எண் போட அந்த மாதிரிச் செதுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்தது. காட்டில் ஒரு பகுதியை ஏலம் எடுத்து மரம் வெட்டுவதைக் கூப்பு என்பார்கள். கூப்பில் எந்த மரம் விழ வேண்டுமோ அந்த மரத்தில்தான் பட்டையைச் செதுக்கி எண் போடுவார்கள். எங்கள் மலையில் மரத்தில் எண் என்றால் அதற்கு அர்த்தம் அது ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், பிள்ளைகளா. தெரிந்துதான் எழுதினேன். அப்போது கூப்பு மலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் வரும் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

அடுத்த மழை முடிந்து சாரும் நானும் ஏறினோம். பாதி வழியிலேயே வண்டித் தடத்தின் ஓரத்தில் மரத்துண்டுகள் அடுக்கிக் கிடந்தன. கிட்டே போனேன். படுக்கை வசத்தில் ஒரு நாற்பத்திரண்டு. அதன் மேல் நாற்பத்தைந்து. என் கையெழுத்து.

வெட்டு ஆட்களின் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தவர்தான்.

"இன்னாப்பா, டப்பாவும் கையுமா திரிஞ்சது நீதானா? நான் கூட பாரஸ்ட் ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன்."

"அது வெட்டுறதுக்கு இல்லீங்க. அது படிப்புக்கு."

"படிப்புக்கா? மரத்துல எழுதியா படிப்பாங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரின் முகத்தைப் பார்த்ததும் மேஸ்திரி பீடியைக் கீழே போட்டார். "எங்க கூப்பு பாறைக்குக் கீழயே முடியுது சார். மேல பார்த்தா செதுக்கி நம்பர் போட்டிருந்துச்சு, அதுவும் நம்மளுதுன்னு ஏறிட்டோம். குண்டு குண்டா நல்லா எழுதி இருந்தான் சார், கீழ இருந்தே தெரிஞ்சுது. ஒண்ணு கூட வுடல."

மேலே ஏறிப் பார்த்தோம். அடிக்கட்டைகள்தான் நின்றன. விழுந்த மரமும், மாடு கட்டி அதை இழுத்த தடமும் கன்றுகளை மண்ணோடு தேய்த்திருந்தன. சார் கொஞ்ச நேரம் குனிந்து தேடினார். பிறகு இறங்கி, மரத்துண்டு அடுக்கின் முன்னால் நின்று நோட்டைத் திறந்தார்.

"ஒவ்வொண்ணா படிங்கண்ணே."

"எதுக்கு சார்?"

"இதுவும் கணக்குலதான வரணும்."

படித்தேன். நாற்பத்திரண்டு, வேங்கை. அவர் திருப்பிச் சொல்லவில்லை, கோடு மட்டும் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "என்னாலதான் சார்," என்றேன். "நானுந்தாண்ணே சரின்னேன்," என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

அந்த வாரமே ஊருக்குப் போனார். சில மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. தலைப்பை மாற்றிக்கொண்டாராம், கட்டடத்துக்குள்ளேயே செய்கிற ஆராய்ச்சியாம், இனி மலைக்கு வர வேலை இருக்காது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று எழுதியிருந்தார். அந்தச் சரிவில் மறுபடி ஒரு வேங்கைக் கன்று முளைத்து நான் பார்க்கவில்லை. விதை போட மேலே மரம் இல்லை. பாறையைச் சுற்றி மாட்டுக்குத் தடம் போட்டார்களே, அந்தத் தடத்திலேயே இப்போது ஆடு ஏறுகிறது.

கார்டு வந்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், ஒரு பழைய வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கூப்பு எட்டாத மற்ற மூன்று சதுரங்களிலும் மரங்கள் என் எண்ணோடு நின்றன. கன்று இல்லாத கிழட்டு மரங்கள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் தானாகவே விழப்போகிறவை. அது எனக்குத் தெரியும். ஓடையோரத்துச் செம்மண்ணையும் சாணியையும் குழைத்து ஒவ்வொரு எண்ணின் மேலும் பூசினேன். ஏழாம் எண் மரத்தில் மட்டும் மண் ஒட்டாமல் உதிர்ந்து, வெள்ளை மறுபடி தெரிந்தது. கீழே விழுந்ததை அள்ளி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்து, காயும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.